எந்தப் பக்கத்து மச்சாள்

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று இருபதுக்கு எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தது. அதுவரை எல்லாம் ஒழுங்காகவே போய்க்கொண்டிருந்தது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மணிக்கூடு ரெலிபோனுக்கு நேர் மேலே தொங்கியது, பேசிய நேரம் முழுவதும் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பின் இரண்டு பனிக்காலங்கள் போய்விட்டன. இன்றைக்கும் சனிக்கிழமைகளில் ரெலிபோன் அடித்தால், ஈரமில்லாத கையையும் ஒருமுறை சீலையில் துடைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

அன்றைக்கு யார் எங்கே போயிருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் ரொறொன்ரோவில், சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு உயர்ந்த கட்டடத்தில் இருந்தோம். நான், என் கணவர், உயர்தரப் பள்ளியில் படிக்கும் மகள். ஊரில் நான் ஆசிரியை. இங்கே ஒரு காப்புறுதிக் கந்தோரில் தட்டச்சு. கணவருக்கு அன்று தொழிற்சாலையில் வேலை. மகள், நாங்கள் எல்லோரும் அன்ரி என்று அழைக்கும் ஒரு பெண்ணோடு ஸ்காபரோவுக்குப் போயிருந்தாள். அங்கே புதிதாகக் குடிவந்த ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பத்துக்குப் பொங்கலுக்குச் சொல்லுவதற்காக. அடுத்த கிழமை ஒரு தேவாலய மண்டபத்தில் பொங்கல் வைப்பதாக இருந்தோம். அப்போது இந்த நகரத்தில் தமிழர்கள் குறைவு. வீடு வீடாக நேரில் போய்ச் சொன்னால்தான் மரியாதை.

பொங்கல் உண்மை. ஆனால் அவர்கள் போனது பொங்கலுக்காக மட்டும் அல்ல. அந்த வீட்டில் ஒரு சிறுபெண் வேலைக்கு நிற்கிறாள் என்று அன்ரி கேள்விப்பட்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை, பனிக்காலம் தொடங்கிய பிறகு வெளியில் யாரும் அவளைக் காணவில்லை.

அன்ரிக்கு என் வயதுதான். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஏழு வயதில், ஒரு மூட்டை அரிசிக்கும் தாய்க்கு ஒரு சீலைக்கும், கொழும்பில் இருந்த ஒரு யாழ்ப்பாணத்து டொக்ரர் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டவர். அங்கே அவர் வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்த மகளின் புத்தகங்களைப் பள்ளிக்கூட வாசல்வரை சுமந்து போய்க் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். படுக்கை குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். சம்பளம் என்ற பேச்சே கிடையாது. அந்த மகள் கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, கணவரோடு ரொறொன்ரோவுக்கு வந்தபோது, பிள்ளைகளைப் பார்க்க அன்ரியையும் கொண்டுவந்தார்கள். கடவுச்சீட்டு அவர்களுடைய அலுமாரியில். வெளியே போனால் பொலிஸ் பிடிக்கும் என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் இதற்கு ஒரு மென்மையான பெயர் வைத்திருக்கிறோம். ‘வீட்டோட நிக்கிற பிள்ளை.’ நானும் ஒருநாள் அன்ரியிடம் அப்படிச் சொல்லிவிட்டேன். கீழே உடுப்புத் தோய்க்கும் அறையில் மெசின் சுற்றிக்கொண்டிருந்தது.

“ரீச்சர்,” என்றார், “காசு குடுக்காமல், வெளியிலை விடாமல், பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாமல் ஒராளை வச்சிருந்தால் உங்கட பள்ளிக்கூடத்திலை அதுக்கு என்ன பேர்?”

“அடிமை,” என்றேன்.

“பின்னை அதைச் சொல்லுங்கோவன். இருந்தவள் நான், எனக்கு வெக்கமில்லை. உங்களுக்கேன் வெக்கம்?”

அவர் வெளியேறிய கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். கிழமையில் ஒரு காலை, குப்பைப் பையை வீதியோரத்தில் வைக்க மட்டும் அவரை வெளியே விடுவார்கள். “ஒருநாள் பையை வச்சிட்டு நிமிர்ந்தன் ரீச்சர். ரோட்டு நேராய்க் கிடந்துது. நடந்தன். வேறை ஒண்டும் யோசிக்கேல்லை.” காலில் வீட்டுச் செருப்பும் சொக்ஸும். பஸ் தரிப்பில் நின்ற ஒரு ஜமேக்காப் பெண், இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் கழுத்துச் சால்வையை எடுத்து இவர் தலையைச் சுற்றிக் கட்டி, பஸ்ஸில் ஏற்றித் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இப்போதும் இருவரும் எங்கள் கட்டடத்தில், ஆறு மாடி கீழே, ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அதனால் அன்ரியின் ஆங்கிலத்தில் ஜமேக்கா மணக்கும். என் மகளுக்கு அதைக் கேட்பதென்றால் கொள்ளை ஆசை.

ஆஸ்பத்திரி ஒன்றில் துப்புரவு வேலை கிடைத்ததும் வேறொருவராக இருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். அன்ரியோ ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறையில், வீட்டுவேலை செய்யும் பெண்களைக் கூட்டத் தொடங்கினார். ஜமேக்கா, பிலிப்பைன்ஸ், போர்த்துக்கல் என்று எல்லா நாட்டுப் பெண்களும் வந்தார்கள். சம்பளத்தைப் பற்றி வாய் திறக்கும் முன்னமே வாசல் கதவின் திறப்பைக் கேளுங்கள் என்பார். கையில் திறப்பு இருப்பவளைப் பூட்டிவைக்க முடியாது. அரசாங்க ஆட்களின் முன்னால் போய் நின்று இதையே தன் ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் வேலை செய்கிறவளுக்கும் ஓய்வு நாள் வேண்டும், அவளுடைய கடவுச்சீட்டு அவளிடமே இருக்கவேண்டும் என்றார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதம் மறுபடியும் போய் நின்றார்.

வெள்ளைக்காரருக்கு முன்னால் எங்கள் மானத்தைக் கப்பலேற்றுகிறாள் என்று எங்கள் ஆட்களுக்குக் கோபம். ஒரு கூட்டத்தில், கோட் போட்ட ஒருவர் எழுந்து, “உதெல்லாம் வீட்டுக்குள்ளை பேசித் தீர்க்கிற விசயம், தங்கச்சி,” என்றார்.

“வீட்டுக்குள்ளைதான் அண்ணை முப்பது வருசம் இருந்தனான்,” என்றார் அன்ரி. “ஒருத்தரும் பேச வரேல்லை.”

பூட்டிய வீட்டுக்குள் நிற்கும் ஒருத்தியை எப்படிச் சந்திப்பது? அன்ரி அதற்கு எங்கள் வழக்கத்தையே பயன்படுத்தினார். வாசலுக்கு வந்தவரை ஒரு தேத்தண்ணீராவது கொடுக்காமல் நாம் அனுப்பமாட்டோம். தேத்தண்ணீர் குசினிக்குள் இருந்து வரும். குடித்து முடிந்ததும், வந்த பெண் தன் கோப்பையைத் தானே தூக்கிக்கொண்டு, “விடுங்கோ, நான் கழுவிறன்,” என்று குசினிக்குள் போவாள். அதையும் யாரும் தடுக்கமாட்டோம். அந்தக் கோப்பை கழுவும் நேரம் போதும். ‘நீ இங்கே இருக்க விரும்புகிறாயா, வெளியே வர விரும்புகிறாயா?’ என்று கேட்பார். வர விரும்பினால் அதன்பிறகு வழி பார்ப்பார்.

தனியாகப் போனால் சந்தேகப்படுவார்கள். கூட ஒரு மகள் இருந்தால் மதிப்பு. அதற்குத்தான் என் மகள்.

நான் பயந்த சுபாவம். மகள் சுரங்கரயிலில் ஏறினால் இறங்கும்வரை எனக்கு வேலை ஓடாது. “பிடிபட்டால்?” என்று காலையில் கேட்டேன்.

“அம்மா, பொங்கலுக்குச் சொல்லப் போறம். பாங்க் கொள்ளையடிக்கப் போகேல்லை, ஓகே?” என்றாள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு.

“ரீச்சர், நாலு மணிக்கு முன்னம் பிள்ளை உங்கட கையிலை,” என்றார் அன்ரி.

அவர்கள் போனபின் கடலைப்பருப்பு ஊறப்போட்டேன். வெயில் கண்ணாடி வழியாகத் தரையில் விழுந்திருந்தது. கீழே ஷெர்போர்ன் தெரு பனியில் வெள்ளையாக, சத்தமில்லாமல் கிடந்தது. உண்மையைச் சொன்னால், ரெலிபோன் அடிக்கும்வரை நான் சந்தோசமாகவே இருந்தேன். ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு எடுத்தேன்.

“ஹலோ, ரீச்சரோ? என்னைத் தெரியாது உங்களுக்கு. உங்கட மகள் இஞ்சை எங்கட வீட்டிலை இருக்கிறா.” இனிமையான குரல். “நல்லாப் பிள்ளையை வளர்த்திருக்கிறியள். ஆற்றை பிள்ளை எண்டு ஒரு சொல்லுத்தான் கேட்டன். அப்பாவின்ரை ஊர், அம்மாவின்ரை ஊர், கோயிலடி, அம்மப்பா போஸ்ற் மாஸ்ரர், எல்லாம் மணி மணியாச் சொல்லிப்போட்டா. போஸ்ற் மாஸ்ரற்றை பேத்தி எண்டால் நாங்கள் சொந்தமெல்லே! உங்கட அம்மாவும் என்ரை மாமியும் ஒண்டுவிட்ட சகோதரங்கள்.”

 யாருடைய பிள்ளை என்று எவர் கேட்டாலும் இப்படிச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோதே பாடமாக்கிக் கொடுத்தவள் நான். கனடாவில் வளர்கிற பிள்ளை வேரை மறந்துவிடக் கூடாதென்று வாய்ப்பாடு போலச் சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கு அவள் அன்ரியின் மகளாக நடிக்கப் போனவள். கேள்வி வந்ததும் வாய்ப்பாடு தானாக வந்துவிட்டது.

குரல் தாழ்ந்தது. “ஆனால் ஒண்டு விளங்கேல்லை. கூட வந்த மனிசி, இது தன்ரை மகள் எண்டெல்லோ சொன்னவ. பிள்ளையைக் கேட்டால், அம்மா வீட்டிலை நிக்கிறா எண்டு உங்கட நம்பரைத் தாறா. ஆர் உந்த மனிசி?”

அவள் குசினியில் இருந்து பேசினாள் என்று நினைக்கிறேன். பின்னால் குழாய்த் தண்ணீர் ஓடியது. பிறகு நின்றது. ஒரு பாத்திரத்தை யாரோ சத்தம் வராமல் வைத்தார்கள். அந்தச் சிறுபெண் அங்கேதான் நிற்கிறாள். இவளுடைய கணவர் அன்ரி விட்டுவந்த அந்தக் குடும்பத்தின் சிநேகிதர், அங்கே போய்வந்தபோது அன்ரியைக் கண்டவர்; அவர் வேலையால் வருமுன் திரும்பிவிடுவது என்றுதான் போயிருந்தார்கள். நான் தடுமாறினால் அன்ரி யார் என்று அடுத்த நிமிடமே தெரிந்துவிடும். வேலைக்காரியைக் கடத்த வந்தார்கள் என்று பொலிசைக் கூப்பிட்டால் என் மகளும் அதற்குள் அகப்படுவாள்.

“என்ரை மச்சாள்,” என்றேன்.

“எந்தப் பக்கத்தாலை?”

என் பக்கம் என்றால் இவளுக்கு எல்லோரையும் தெரியும், கணவர் பக்கம்தான் வழி. “அவற்றை பக்கத்தாலை. அவற்றை சித்தப்பா ஒராள் தோட்டத்திலை கிளாக்கராய் இருந்தவர். அவற்றை மகள். மலைநாட்டிலை வளர்ந்தவ.”

“அதுதான் கதை ஒரு மாதிரி இழுபடுது.” கொஞ்சம் யோசித்தாள். “அப்பிடியெண்டால் உங்கட மகள் அவவுக்கு மருமகள் முறையெல்லோ? ஏன் மகள் எண்டவ?”

யாழ்ப்பாணத்தாரிடம் பொய் சொல்வதில் உள்ள கஷ்டம் இதுதான். “பிள்ளையில்லாதவ,” என்றேன். “இவளைத்தான் தன்ரை மகள் எண்டு சொல்லித் திரியிறா. நானும் மறுக்கிறேல்லை.”

“ஐயோ பாவம்,” என்றாள். உண்மையாகவே இரங்கினாள். “பிறகென்ன, சொந்தமாப் போச்சு. இண்டைக்குச் சாப்பிடாமல் ஒருத்தரையும் விடமாட்டன்.” வைத்துவிட்டாள்.

எதைச் செய்துவிட்டேன் என்பது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. தேத்தண்ணீரோடு திரும்பவேண்டியவர்களைச் சொந்தக்காரர் ஆக்கிவிட்டேன். சொந்தக்காரர் பாதியில் எழும்ப முடியாது. அதற்குள் வீட்டுக்காரர் வருவார், அன்ரியின் முகத்தைப் பார்ப்பார்.

நாலு மணிக்கு அவர்கள் வரவில்லை. பனி கொட்டத் தொடங்கி, ஐந்து மணிக்கே இருண்டுவிட்டது. ரெலிபோன் புத்தகத்தில் அந்த வீட்டு இலக்கத்தைத் தேடி அடித்தேன். லைன் பிஸி. மறுபடி அடித்தேன், பிஸி. யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறாள், பொலிசோடா? கோட்டைப் போட்டுக்கொண்டு லிப்ட்வரை போனேன். ரெலிபோன் அடித்தால் எடுக்க ஆளில்லையே என்று திரும்பி வந்தேன். கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன்.

கடைசியில் கீழே அன்ரியோடு இருக்கும் ஜமேக்காப் பெண்ணைக் கூப்பிட்டேன். அவள் ஒரு பை உருளைக்கிழங்கோடு மேலே வந்தாள்.

“அவள் திரும்பி வருவாள்,” என்றாள். “அவள் யாரென்று நினைக்கிறாய்?”

“என் மகளும் கூட இருக்கிறாள்.”

“அப்படியென்றால் இன்னும் கவனமாக வருவாள். பயமாக இருந்தால் கிழங்கைச் சீவு. எனக்கு ஐந்து பிள்ளைகள், ஒரு வண்டி கிழங்கு சீவியிருக்கிறேன்.”

இருவரும் சீவினோம். அவள் மூக்கால் ஏதோ பாடினாள். நான் சீவிய கிழங்கில் பாதி தோலோடு போய்விட்டது. “உன் வீட்டில் எல்லோரும் மெலிவாக இருப்பது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது,” என்றாள். நான் சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறியது. அவள் பாட்டை நிறுத்தவில்லை, கத்தியை மட்டும் என் கையிலிருந்து வாங்கி வைத்தாள்.

கதவு திறந்தது. மகள் தனியாக நின்றாள். தொப்பியில் பனி.

“அம்மா, ப்ளீஸ், சாப்பிட மட்டும் சொல்லாதேங்கோ.”

நான் அவளைக் கட்டிப்பிடித்தேனா அடித்தேனா என்று எனக்கே தெரியாது. இரண்டும் செய்ததாக அவள் சொல்கிறாள். “அன்ரி எங்கை? ஏன் ஒரு போன் எடுக்கேல்லை?”

“அன்ரி அடுத்த லிப்ற்றிலை வாறா. போனோ? அந்த மாமி போனை விட்டாத்தானே! மொன்றியலிலை இருக்கிற தங்கச்சிக்கு எங்களைக் கண்டுபிடிச்ச கதையைச் சொல்லி முடிக்கேல்லை.” தரையில் உட்கார்ந்து ஒரு சப்பாத்தைக் கழற்றினாள். “எல்லாம் உங்களாலை. மச்சாள், மச்சாள் எண்டு அன்ரியின்ரை பின்னாலையே திரிஞ்சவ. குசினிக்குள்ளை ஒரு நிமிசம் தனிய விடேல்லை. அன்ரி அந்தப் பிள்ளையோடை ஒரு வசனம் கதைக்கேல்லை அம்மா. நான் நினைச்சன், அவ்வளவுதான், ஓவர்.”

“பிறகு?”

“பிறகு அன்ரி சாப்பிட்டுக்கொண்டே சும்மா கேட்டா. பொங்கலுக்குச் சனம் வரும், பொங்கிறதுக்குப் பெரிய கிடாரம் ஒண்டு இருக்கோ மச்சாள் எண்டு. மாமி அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஓடிப்போய் பேஸ்மென்றிலையிருந்து எடுத்தந்தா. ஊரிலையிருந்து கொண்டந்ததாம். அப்ப அன்ரி, ‘உது பாரமாக் கிடக்கு, தூக்கிறதுக்கு உவளையும் விடுங்கோவன், எனக்கும் ஒரு கை உதவியாயிருக்கும்’ எண்டா. மாமி என்ன சொன்னவ தெரியுமோ? ‘கொண்டு போங்கோ மச்சாள், உதுக்கென்ன கேள்வி.’ ஜஸ்ற் லைக் தற், அம்மா! அந்தப் பிள்ளையை ஒருத்தரும் கேக்கேல்லை. கிடாரத்தோடை சேர்த்துத் தந்தவ!” கழற்றிய சப்பாத்தைத் தரையில் எறிந்தாள்.

அவளுக்குப் புதிதாக இருந்தது. எனக்கு இல்லை. எங்கள் வீடுகளில் கலியாணம் என்றால் சொந்தக்காரர் இரவலாகக் கிடாரம் தருவார்கள், பாய் தருவார்கள், வீட்டோடு நிற்கிற பிள்ளையையும் தருவார்கள். பிறத்தியாருக்குத் தரமாட்டார்கள். அன்ரி எத்தனையோ வீடுகளுக்கு அப்படிக் கொடுக்கப்பட்டவர். வழக்கம் அவருக்குத் தெரியும். நான் அவரை மச்சாள் என்று சொன்னதால்தான் அவர் அதைக் கேட்க முடிந்தது.

“வீட்டுக்காரர்?” என்றேன்.

“அவர்தான் காரிலை கொண்டந்து விட்டவர். நாங்கள் வெளிக்கிடேக்கைதான் வந்தவர். அன்ரி சால்வையாலை மூஞ்சியை மூடிக்கொண்டு வழி முழுக்க இருமிக்கொண்டு வந்தா. அவர் பாவம், தடிமனுக்குக் கொத்தமல்லி குடியுங்கோ எண்டவர். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது. அந்தப் பிள்ளைக்கு இன்னும் ஒண்டும் தெரியாது.”

லிப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அன்ரி முதலில் வந்தார். அவருக்குப் பின்னால், யாருடையதோ பழைய கோட்டுக்குள், பதின்மூன்று வயது இருக்கும், ஒரு சிறுபெண். கிடாரத்தை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அன்ரி உள்ளே வந்தார். அவள் வாசலுக்கு வெளியே மிதியடியில் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்து, இந்த வீட்டுக்காரி நான்தான் என்று கண்டுகொண்டு கேட்டாள்:

“எத்தன நாளைக்குங்க அம்மா?”

 அன்ரி திரும்பி அவள் முன்னால் போய் நின்றார். அதுவரை நான் அவரிடம் கேட்டிராத தோட்டத்துப் பேச்சில் சொன்னார்:

“பொங்கல் முடிஞ்சோன்ன கெடாரத்த திருப்பிக் குடுத்துருவோம். ஒன்னய குடுக்கப் போறதில்ல. நீ அங்க போவணும்னா சொல்லு, இப்பவே நானே கொண்டுபோயி விட்டுர்றேன். வேணாம்னா என்கூட இரு. எதுன்னு நீதான் சொல்லணும்.”

அவள் அன்ரியைப் பார்த்தாள். ஒரு காலில் மட்டும் சப்பாத்தோடு தரையில் இருந்த என் மகளைப் பார்த்தாள்.  பிறகு அவள் ஒரு அடி எடுத்து உள்ளே வைத்தாள்.

“அப்ப, இத எறக்கி வச்சிர்றேங்க,” என்றாள்.